லவுஞ்ச் வேண்டாம், மளிகைக் கடை போதும்: கிரெடிட் கார்டு தேர்வு குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

திருப்பூரிலிருந்து ஒரு தனியார் பள்ளி ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 36. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய்; மாதந்தோறும் 5ஆம் தேதி வங்கிக் கணக்கில் வரவாகிறது. கணவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு பவர் டேபிள் (மோட்டார் தையல் இயந்திரம்) போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். ஆர்டரைப் பொறுத்து அவர் வருமானம் ஏறும், இறங்கும். சனிக்கிழமைக் கூலி மட்டும் தவறாமல் கொடுத்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகள், தொடர்ந்து மருந்து சாப்பிடும் மாமியார். இரண்டு ஆண்டுகளில் வீட்டுக் கடன் வாங்கி வீடு கட்டும் எண்ணம் இருக்கிறது. இதுவரை அவர் கிரெடிட் கார்டு வைத்துக்கொண்டதில்லை.

இப்போது ஒரே நேரத்தில் நான்கு வாசல்கள் திறந்திருப்பதாக எழுதுகிறார். சம்பளக் கணக்கு உள்ள வங்கி, 75,000 ரூபாய் வரம்புடன் 'வாழ்நாள் இலவச' ரூபே கார்டு தருவதாகச் சொல்கிறது. உடன் பணியாற்றும் ஆசிரியை, ஆண்டுக்கு 2,999 ரூபாய் கட்டணமுள்ள, விமான நிலைய லவுஞ்ச் (சொகுசு ஓய்வறை) வசதி கொண்ட வேறொரு கார்டைப் பரிந்துரைக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன்பு, கேட்காமலேயே இன்னொரு வங்கியின் கார்டு கூரியரில் வந்து, பீரோவில் கிடக்கிறது. கொழுந்தனோ, 54,000 ரூபாய் போன் ஒன்றை 'நோ காஸ்ட் இஎம்ஐ' (வட்டியில்லாத் தவணை) முறையில் வாங்க அண்ணி பெயரில் ஒரு கார்டு எடுத்துத் தரும்படி கேட்கிறார். "மினிமம் டியூவை (பில்லில் குறிப்பிடும் குறைந்தபட்சத் தொகையை) கட்டிவிட்டால் வட்டி வராது என்கிறார்கள். முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருப்பதாகக் கணவர் கூறுகிறார். கார்டு வாங்கினால் வீட்டுக் கடன் கிடைக்காது என்று ஒருவரும், வாங்காவிட்டால்தான் கிடைக்காது என்று இன்னொருவரும் பயமுறுத்துகிறார்கள். எந்தக் கார்டை வாங்கட்டும்?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. பெரும்பாலானோர் கார்டின் சலுகைப் பட்டியலை முதலில் படித்துவிட்டு, அதற்கேற்பத் தங்கள் செலவை வளைக்கப் பார்க்கிறார்கள். வங்கியின் கடன் பிரிவில் நான் இருந்த ஆண்டுகளில், கடனில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தவர்களில் பலருடைய கதை அப்படித்தான் தொடங்கியது. நாம் உங்கள் நோட்டிலிருந்தே தொடங்குவோம்.

செலவு நோட்டு சொல்வது

மளிகை மாதம் 9,000, பெட்ரோல் 3,500, மாமியாருக்கு மருந்து 2,500, ஆன்லைனில் வாங்குவது 2,000. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணம் 2,400. ஆண்டுக்கு இரண்டு தவணையாகப் பள்ளிக் கட்டணம் 64,000. இவை அனைத்தையும் கார்டிலேயே செலவிட்டாலும் ஆண்டுக்கு 2,82,400 ரூபாய்தான் வரும். ஆனால் எல்லாச் செலவும் கார்டுக்கு ஏற்றதல்ல. பெட்ரோல், மின் கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பல கார்டுகள் வெகுமதிப் புள்ளி தருவதில்லை. பெட்ரோல் பங்க்கில் கார்டைத் தேய்த்தால் ஒரு சதவீதம் அளவுக்குக் கூடுதல் கட்டணம் விழும். அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் கார்டுகள்கூட, பெரும்பாலும் 400 ரூபாய்க்கு மேற்பட்ட பில்லுக்குத்தான் தருகின்றன. நீங்கள் ஸ்கூட்டிக்கு ஒவ்வொரு முறையும் 300 ரூபாய்க்குப் போடுகிறவர். பள்ளிகளிலும் கார்டு வழியாகக் கட்டினால் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை 'வசதிக் கட்டணம்' கேட்பதுண்டு. 32,000 ரூபாய்த் தவணைக்கு அது 320 முதல் 640 ரூபாய் வரை ஆகும். ஆகவே இவற்றை இப்போதுபோலவே வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்துங்கள்.

மீதமிருப்பவை மளிகை, மருந்து, ஆன்லைன். மாதம் 13,500, ஆண்டுக்கு 1,62,000 ரூபாய். உங்கள் தோழி சொல்லும் கார்டு 150 ரூபாய்க்கு 4 புள்ளிகள் தருவதாகவும், ஒரு புள்ளியின் மதிப்பு 25 பைசா என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 150 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரே ஒரு ரூபாய். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 1,080 ரூபாய். ஆண்டுக் கட்டணமோ, 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 3,539 ரூபாய். ஆயிரத்தைப் பெறுவதற்கு மூவாயிரத்து ஐந்நூறைக் கொடுக்கும் கார்டு அது. மூன்று லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடியாகும் என்று தோழி சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் மொத்தச் செலவையும் அதில் கொட்டினால்கூட 17,600 ரூபாய் குறைகிறது, அதிலும் பெட்ரோல் போன்றவற்றைச் சில வங்கிகள் அந்த மூன்று லட்சக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கார்டு ஆண்டு முடியும் நேரத்தில் இந்தக் குறையை ஈடுகட்டத் தேவையில்லாத மிக்சி ஒன்றை வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. லவுஞ்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட விமானத்தில் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதமிருமுறை பறக்கும் உங்கள் தோழியின் கணவருக்கு அது நல்ல கார்டாகவே இருக்கக்கூடும்.

மினிமம் டியூ என்பது வட்டி விலக்கு அல்ல

நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய முதல் எண்ணம் இது. பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்தத் தொகை ஒன்று, குறைந்தபட்சத் தொகை ஒன்று. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, 'கட்டத் தவறியவர்' என்ற பதிவும் ஏறாது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவே. மீதித் தொகைக்கு, நீங்கள் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 3ஆம் தேதி 32,000 ரூபாய் பள்ளிக் கட்டணத்தைக் கார்டில் கட்டுகிறீர்கள் என்று கொள்வோம். பில் ஜூன் 18 அன்று வருகிறது. கெடு ஜூலை 8. அன்றைக்கு ஐந்து சதவீதமான 1,600 ரூபாயை மட்டும் செலுத்துகிறீர்கள். மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது இங்கே வழக்கமாகக் காணப்படும் வட்டி. 32,000 ரூபாய்க்கு ஜூன் 3 முதல் ஜூலை 8 வரை 35 நாட்கள், மீதி 30,400 ரூபாய்க்கு அடுத்த பில் தேதி வரை 10 நாட்கள் என்று கணக்கிட்டால், வட்டி ஏறத்தாழ 1,640 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 295 ரூபாய். 1,600 ரூபாயைக் கட்டிய பிறகும் உங்கள் கடன் 32,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அடுத்த பில்லில் இந்த வட்டியும் வரியும் குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துவிடும் என்பதால், கட்ட வேண்டிய 'மினிமம்' 1,600லிருந்து 3,400 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முந்தைய பாக்கி இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. ஜூலையில் வாங்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய நாள் முதலே வட்டி உண்டு.

நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி உங்கள் கணவர் கேள்விப்பட்டது ஒரு காலத்தில் சரியானதுதான். தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று கூறியது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எனவே அந்த 30 சதவீத வரம்பை நம்பி வழக்காட இப்போது இடமில்லை. இன்றைய நிலையில் வட்டி விகிதத்துக்கு எதிரான ஒரே நல்ல பாதுகாப்பு, கெடுவுக்குள் முழுத் தொகையைக் கட்டிவிடுவது.

அப்படிக் கட்டுகிறவர்களுக்குக் கார்டு உண்மையிலேயே பயனுள்ளது. மேற்சொன்ன பில் தேதியையே வைத்துக்கொண்டால், ஜூன் 19 அன்று வாங்கிய பொருளுக்கு ஆகஸ்ட் 7 வரை, அதாவது 49 நாட்கள், வட்டியில்லாமல் அவகாசம் கிடைக்கும். ஜூன் 17 அன்று வாங்கினால் 21 நாட்கள்தான். உங்களுக்கு 5ஆம் தேதி சம்பளம் என்பதால், 18ஆம் தேதியை ஒட்டிய பில் நாள் பொருத்தமாக இருக்கும். கெடு 7 அல்லது 8ஆம் தேதி விழும். பில் சுழற்சியை ஒருமுறையேனும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி கொடுத்த தேதியோடு குடித்தனம் நடத்த வேண்டியதில்லை, கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்துடன் உங்கள் கணவரிடமும் ஒரு சொல். கூலி கொடுக்கப் பணம் முடையாகும் சனிக்கிழமைகளில் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த அன்றே வட்டி தொடங்கும். அதற்கு மேல் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் என்பதுபோல ஒரு கட்டணமும், அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. 10,000 ரூபாய் எடுத்தால் எடுத்த நிமிடத்திலேயே 590 ரூபாய் போய்விடும். கார்டைத் தேய்த்துவிட்டுக் கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுக்கும் கடைகளைப் பற்றி யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம். அது கார்டு ஒப்பந்தத்துக்கு முரணானது, கண்டுபிடிக்கப்பட்டால் கார்டு முடக்கப்படும். பட்டறைக்கு அவசரப் பணம் வேண்டுமென்றால், வங்கி நகைக் கடனின் வட்டி கார்டு வட்டியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

கொழுந்தனின் போன்

உங்கள் கடிதத்திலேயே மிகுந்த தயக்கத்துடன் எழுதப்பட்ட பகுதி இது. "இதற்குப் போய் மறுத்தால் குடும்பத்தில் மனத்தாங்கல் வரும்" என்கிறீர்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கோரிக்கைக்கு என் பதில், மறுத்துவிடுங்கள் என்பதுதான்.

சட்டத்தின் பார்வையில் அந்தக் கடன் முழுக்க உங்களுடையது. போனை யார் வைத்திருக்கிறார் என்பது வங்கிக்குப் பொருட்டே அல்ல. உங்கள் கார்டோடு இணைத்து அவருக்கு 'ஆட்-ஆன்' கார்டு எடுத்துக் கொடுத்தாலும், பணம் கட்டும் பொறுப்பு மூலக் கார்டுக்கு உரியவரான உங்களுடையதே. 54,000 ரூபாயை ஒன்பது தவணையாகப் போட்டால் மாதம் 6,000 ரூபாய். அவர் ஒரு மாதம் தரத் தாமதித்தால், உங்கள் சம்பளத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பு சொன்னபடி மளிகைச் செலவுக்கும் சேர்த்து வட்டி தொடங்கும். 'நோ காஸ்ட்' என்ற சொல்லும் முழு உண்மையல்ல. வட்டி அளவுக்கு விலையில் கழித்துக்கொடுக்கிறார்களே தவிர, வட்டி என்பது கணக்கில் இருக்கவே செய்கிறது. அந்த வட்டியின் மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான் விழுகின்றன. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி கைநழுவுவதும் உண்டு.

எல்லாவற்றையும்விட, 75,000 ரூபாய் வரம்பில் 54,000 ரூபாய் அடைபட்டுவிட்டால், வரம்பில் 72 சதவீதத்தை நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பதாக, உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்துவைக்கும் கடன் தகவல் அறிக்கை காட்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவருக்கு இது நல்லதல்ல. கொழுந்தனிடம் இதையே சொல்லலாம். இது சாக்கு அல்ல, உண்மையான காரணம். அவருக்கு 23 வயது, பிரிண்டிங் யூனிட்டில் வேலை, கடன் வரலாறு இல்லாததால் கார்டு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் பெயரில் 20,000 ரூபாய் வைப்புத் தொகை போட்டால், அதை ஈடாகக் கொண்டு அதில் பெரும்பகுதி அளவுக்கு வரம்புள்ள கார்டைப் பல வங்கிகள் தருகின்றன. ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் அவர் பெயரிலேயே ஒரு வரலாறு உருவாகும். அண்ணியின் கார்டில் எத்தனை போன் வாங்கினாலும் அந்த வரலாறு அவருக்குச் சேராது.

கார்டும் வீட்டுக் கடனும்

உங்களைப் பயமுறுத்தும் இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை, நிறைய மிகை. கார்டு இல்லாத காரணத்தால் வீட்டுக் கடன் மறுக்கப்படுவதில்லை. சம்பளச் சான்றும் கணக்கு விவரமும் ஒழுங்காக இருந்தால் கடன் வரலாறு இல்லாதவர்களுக்கும் வங்கிகள் கடன் தருகின்றன. ஆனால் இரண்டு ஆண்டுகள் தவறாமல் முழுத் தொகையைக் கட்டிய பதிவு ஒன்று இருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும், 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண்ணில் அது உங்களுக்குச் சாதகமாக நிற்கும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்பார்கள். நீங்கள் மாதம் 13,500 செலவிட்டால் அது 18 சதவீதம்தான். கூடாதது எதுவென்றால், ஒரே மாதத்தில் மூன்று நான்கு வங்கிகளில் விண்ணப்பம் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகும்; பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தை அது உண்டாக்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் தகவல் அறிக்கையை வரவழைத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை.

பீரோவில் கிடக்கும் கார்டு

கேட்காத கார்டை அனுப்புவதையே ரிசர்வ் வங்கியின் விதிகள் தடை செய்கின்றன. வழங்கிய 30 நாட்களுக்குள் கார்டு செயல்படுத்தப்படாவிட்டால், வங்கி உங்களிடம் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள், எந்தக் கட்டணமும் இன்றி அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். செயல்படுத்தாத கார்டைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவும் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டைச் செயல்படுத்திப் பில் அனுப்பினால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப்போல் இரு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் தர வேண்டும். ஆகவே உங்கள் தோழி பயப்படுவதுபோல, பீரோவில் இருப்பதாலேயே கட்டணம் ஏறிவிடாது.

இருந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். "நான் இந்தக் கார்டுக்கு விண்ணப்பிக்கவில்லை, எனக்குத் தேவையில்லை, கணக்கை மூடி எழுத்து மூலம் உறுதி செய்யுங்கள்" என்று அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, கார்டைச் சிப்போடு சேர்த்து வெட்டிப் போடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே கட்டணமின்றிப் புகார் செய்யலாம். இதற்கிடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, கார்டை ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்லும் எண் எதற்கான சம்மதம் என்பது உங்களுக்குத் தெரியாது.

எதை வாங்குவது

சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் கட்டணமில்லாத ரூபே கார்டு ஒன்று மட்டும் உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. அதற்குக் கட்டணமின்மையைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று உண்டு. கிரெடிட் கார்டுகளில் ரூபே கார்டை மட்டுமே யுபிஐ செயலியில் இணைத்து, கடையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செலுத்த முடியும். கார்டு தேய்க்கும் இயந்திரம் இல்லாத உங்கள் தெரு மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அது பயன்படும்; உங்கள் செலவில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. ஆனால் வணிகருக்கான கியூஆர் குறியீடாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் குறியீட்டை ஒட்டிவைத்திருந்தால் கார்டுப் பணம் போகாது. தனிநபருக்கு அனுப்பவும் முடியாது. வாங்கும் முன்பு உங்கள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

'வாழ்நாள் இலவசம்' என்பது சேர்க்கைக் கட்டணத்துக்கும் ஆண்டுக் கட்டணத்துக்கும் மட்டுமே பொருந்தும். விண்ணப்பத்தோடு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு பக்கத் தாளை வங்கி தர வேண்டும். வட்டி, தாமதக் கட்டணம், ரொக்கக் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பின்னாளில் கட்டணம் எதையாவது மாற்றினால் ஒரு மாதம் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கூடுதல் செலவில்லாமல் கார்டை ஒப்படைத்துவிடலாம். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வரம்பை உயர்த்துவதும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கூடாது. 75,000 ரூபாயே உங்களுக்கு ஏராளம். விண்ணப்பப் படிவத்தில் காப்பீடு என்று சிறு கட்டம் ஏதாவது இருந்தால், அது தானாக 'டிக்' ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும், சம்பளக் கணக்கிலிருந்து பில்லைத் தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அதில் 'மொத்தத் தொகை' என்றும் 'குறைந்தபட்சத் தொகை' என்றும் இரண்டு தெரிவுகள் இருக்கும்; மொத்தத் தொகையையே தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் 8ஆம் தேதி மாலையில் பாஸ்புக்கைப் பதிந்து, முழுப் பணமும் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிடிக்கப்படாமல் போயிருந்தால் அன்றே கையால் கட்டிவிடலாம்; கெடுவைத் தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணமும் பாக்கிப் பதிவும் வரும்.